அயிக்வேயின் கயிற்றுப் பாட்டு

அயிக்வேக்கு வாய் நீளம். அக்ராவின் கடலோரச் சந்துகளில் யாரைக் கேட்டாலும் அவரைப் பற்றி இதைத்தான் முதலில் சொல்வார்கள். ஆடிய காலத்தில் எத்தனை சண்டை ஜெயித்தார் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். ஒன்பது ஜெயித்தார், நாலு தோற்றார். அவரையே கேட்டால் பதினொன்று, இரண்டு என்பார். நாற்பத்தாறு வயதில் தொப்பை விழுந்து, மூக்கு ஒரு பக்கம் சாய்ந்து, இன்னமும் விடியற்காலையில் முப்பது பிள்ளைகளைக் கடற்கரை மணலில் ஓட விட்டுப் பின்னாலேயே திட்டிக்கொண்டு ஓடுகிறவர். திட்டு நின்றால் பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள், மனுஷன் விழுந்துவிட்டாரோ என்று.

அவருடைய குத்துச்சண்டைக் கூடத்துக்குப் பெயர் 'கடல் வற்றாது'. பழைய கோகோ கிடங்கின் சுவர் ஒரு பக்கம், மீன் புகைபோடும் அடுப்புகளின் சுவர் மறுபக்கம், மேலே பாதித் தகரம், பாதி வானம். மேடைத் தரை கிழிந்த படகுப்பாயைத் தைத்துப் போட்டது. மணிக்குப் பதிலாக லாரிச் சக்கரத்தின் இரும்பு வளையம் ஒன்று தொங்கியது. கம்பியால் ஓர் அடி அடித்தால் கலங்கரை விளக்கம் வரைக்கும் கேட்கும்.

மோவாயைப் புதைக்கத் தெரியாதவன் சண்டைக்காரனே இல்லை என்பது அவருடைய வேதம். புதிதாக வருகிற பிள்ளைக்கு முதல் மாதம் கையுறை கிடையாது. மோவாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவே ஒரு சோளக்கட்டையைச் சொருகிவிட்டு, காலைப் பெயர்த்து வைத்து ஆடச் சொல்வார். கட்டை விழுந்தால் பத்துத் தோப்புக்கரணம். அது முடிந்ததும் கயிறு தாண்டல். அதற்கு ஒரு பாட்டு உண்டு. பாட்டு என்றால் பெரிய பாட்டு ஒன்றுமில்லை, முப்பது தொண்டையும் சேர்ந்து கத்துகிற வெறும் எழுத்துகள்: "ஈ! எஃப் பீ! டீ ஓ இசட்! எல் பீ ஈ டீ!" அடுப்பங்கரைப் பெண்கள்கூட மீனைத் திருப்பிப் போடும்போது இதை முணுமுணுப்பார்கள்.

பாட்டுக்குப் பின்னால் ஒரு கதை இருந்தது. இருபத்திரண்டு வயதில், பெரிய சண்டை ஒன்றுக்கு எட்டு நாள் இருக்கும்போது, பயிற்சியில் வாங்கிய குத்தில் அயிக்வேயின் வலக்கண்ணுக்குள் ரத்தம் கட்டிக்கொண்டது. டாக்டர் கண்ணைப் பார்த்துச் சீட்டுக் கொடுத்தால்தான் மேடை ஏற முடியும். கூட்டாளி ஓக்கைன் ஆஸ்பத்திரிக்குள் நைசாக நுழைந்து, சுவரில் தொங்கிய எழுத்து அட்டையைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்தான். அயிக்வே அதைக் கயிறு தாண்டிக்கொண்டே மனப்பாடம் செய்தார். டாக்டர் நல்ல கண்ணை மூடிவிட்டுப் படி என்றதும் கடகடவென்று கடைசி வரி வரைக்கும் ஒப்பித்து, வேகத்தில், அட்டையின் அடியில் பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயரையும் சேர்த்துச் சொல்லித் தொலைத்தார். டாக்டர் அசந்துபோய், "இவனுக்குக் கழுகுக் கண்ணுய்யா!" என்று கையெழுத்துப் போட்டார். இந்த இடத்தில் கூடமே உருண்டு சிரிக்கும். புதிதாக ஒரு பிள்ளை வந்து சேர்ந்தால் மற்றவர்கள், "அட்டா, கழுகுக் கண்ணு கதை!" என்று கேட்டு வாங்குவார்கள். அட்டா என்றால் எங்கள் பக்கம் அப்பன், பெரியவர் எல்லாம்தான்.

நாலு மாதத்தில் அந்தக் கண் தானாகத் தெளிந்துவிட்டது. தெளிந்ததால் அது சிரிப்புக் கதை ஆயிற்று. தெளியாமல் போயிருந்தால் அது என்ன கதையாகியிருக்கும் என்று யாரும் யோசித்ததில்லை, அவர் உட்பட.

பிள்ளைகளில் லாந்தே தனி ரகம். பக்கத்து அடுப்பங்கரையில் மீன் புகைபோடும் அடோலேயின் மூத்த மகன், பதினேழு வயது, கால் தரையில் படுகிறதா இல்லையா என்று சந்தேகப்படவைக்கிற ஆட்டம். ஏழு வயதில் சேர்ந்தவன். சேர்ந்த முதல் வாரத்திலேயே சோளக்கட்டையை விழாமல் பிடித்தவன். இந்த வருஷம் பிறந்ததிலிருந்து அவன் ஆட்டத்தில் புதிதாக ஒரு நறுவிசு கூடியிருந்தது. முகத்தை இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பி, மோவாயை இடத்தோளில் ஒட்டவைத்து ஆடினான். அயிக்வேக்குப் பெருமை தாங்கவில்லை. "பாருங்கடா, மோவாயைப் பாருங்க! பூட்டுப் போட்ட பெட்டி மாதிரி வெச்சிருக்கான். நீங்களும் இருக்கீங்களே, தொறந்த வூடு மாதிரி!" என்று மற்றவர்களைத் திட்டினார். நாலைந்து பொடியன்கள் லாந்தேயைப் பார்த்து அதேபோல முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆடவும் தொடங்கினார்கள்.

ஜூன் மாதக் கடைசியில் குமாசி நகரத்தில் இளையோர் தேசிய அணிக்கான தேர்வுச் சண்டை வைத்திருந்தார்கள். ஜெயிக்கிறவன் முகாமுக்குப் போவான். முகாமிலிருந்து ராணுவம் ஆளெடுக்கும். லாந்தேயின் பெயர் பட்டியலில் ஏறிவிட்டது. மார்ச்சிலேயே டாக்டர் சீட்டும் வாங்கியாகிவிட்டது. அடோலே மகனின் சீருடையை எந்தப் பெட்டியில் வைப்பது என்பது வரைக்கும் யோசித்துவிட்டாள்.

மே மாதக் கடைசியில் ஊரடக்கம் வந்தது. பூசாரிகள் விதை தூவிய நாளிலிருந்து முப்பது நாள் எங்கள் ஊரில் மேளம் கூடாது, ஒலிபெருக்கி கூடாது, கூச்சல் கூடாது. சாமிகள் அமைதியில் இருக்கவேண்டிய மாதம். அயிக்வே இரும்பு வளையத்துக்குச் சாக்குத் துணி சுற்றினார், கயிற்றுப் பாட்டை நிறுத்தினார், தன் வாயையும் பாதிக்குமேல் மூடினார். அந்த ஒரு மாதம் மட்டும் சுற்று தொடங்கவும் முடியவும் சிவப்புத் துணி ஒன்றை மேடைக் கயிற்றுக்கு மேலே நீட்டி ஆட்டுவார். துணி ஆடினால் நிறுத்தவேண்டும். வருஷா வருஷம் நடப்பதுதான்.

ஊரடக்கத்தின் மூன்றாம் நாள். லாந்தேயும் அப்லோர் என்கிற பையனும் மேடையில் இருந்தார்கள். நேரம் முடிந்ததும் அயிக்வே துணியை ஆட்டினார். அப்லோர் கையை இறக்கினான். லாந்தே நிறுத்தவில்லை, இறக்கிய கையின் மேலாகவே இரண்டு குத்து விட்டான்.

"டேய்! கண்ணு எங்க வெச்சிருக்கே?" என்று அயிக்வே கிசுகிசுப்பாகவே சீறினார்.

"கவனிக்கல அட்டா. மன்னிச்சிடுங்க."

அடுத்த சுற்றிலும் அதேதான். அப்லோருக்கு உதடு கிழிந்துவிட்டது. "வேணும்னே பண்றான் அட்டா! அணியில பேரு வந்துட்டா நாங்கல்லாம் மனுஷங்க இல்லியா?" என்றான். மூன்றாம் சுற்றில் இருவரும் ஆடிச் சுழன்றதில் அயிக்வே நின்ற இடம் லாந்தேக்கு வலப்பக்கமாக அமைந்தது. துணி அசைந்ததுதான் தாமதம், லாந்தே கல்லாக நின்றான்.

அயிக்வே துணியை இறக்கினார். முதல் இரண்டு தடவையும் தான் எந்தப் பக்கம் நின்றோம் என்று யோசித்தார். இடப்பக்கம். ஒன்றும் தெரியாதவர்போல மேடையைச் சுற்றி வந்து, கீழே கிடந்த ஆரஞ்சுத் தோலை எடுத்து லாந்தேயின் இடக்காதுக்குப் பக்கமாக வீசினார். எதிரே நின்ற அப்லோர் தலையை இழுத்துக்கொண்டான். லாந்தே இமைக்கக்கூட இல்லை. மற்ற மாதங்களில் மணி அடித்திருக்கும், அவன் காதால் நிறுத்தியிருப்பான், யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது.

சாயங்காலம் கரையில் இழுத்துப் போட்டிருந்த படகுகளுக்கு நடுவே அவனைத் தனியாகக் கூட்டிப்போனார்.

"எப்பலேர்ந்துடா?"

"எது அட்டா?"

"எங்கிட்டயேவா? எடது கண்ணு. எப்பலேர்ந்து?"

லாந்தே மணலைக் காலால் கீறினான். "ஜனவரியிலேர்ந்து. அந்தத் துறைமுகத்துப் பெரிய பையனோட ஆடினோமே, அன்னிக்கி. மொதல்ல பொட்டுப் பொட்டா பறந்திச்சு. அப்பறம் ஓரத்துலேர்ந்து கறுப்பா திரை மாதிரி எறங்கிச்சு. இப்ப முழுசா மூடிக்கிச்சு."

"அப்ப, மூஞ்சியத் திருப்பி ஆடினியே, மோவா..."

"இந்தக் கண்ணால பாக்கறதுக்குத்தான் அட்டா. நீங்க நல்லாருக்குன்னு சொன்னீங்க."

அயிக்வே படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். ஐந்து மாதம். தன் கண் முன்னால் ஒரு பிள்ளை குருடாகிக்கொண்டிருந்தான், தானோ அதைக் காட்டி மற்றவர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம் என்று நினைக்கத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. அப்புறம்தான் சீட்டு நினைவுக்கு வந்தது.

"மார்ச்சுல டாக்டர் பாத்து எழுதினாரே! ரெண்டு கண்ணும் சுத்தம்னு எழுதினாரே! அவருகிட்ட என்னத்தடா சொன்னே?"

லாந்தே முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தான், முகத்தை இடப்பக்கம் திருப்பிக்கொண்டு. "நீங்க சொல்லிக்குடுத்ததத்தான் சொன்னேன். அதே அட்டைதான் அட்டா, இன்னும் மாத்தல. ஈ, எஃப் பீ, டீ ஓ இசட். அந்த அச்சாபீஸ் பேர மட்டும் விட்டுட்டேன்."

பத்து வருஷம் கயிறு தாண்டித் தாண்டி அவன் எலும்புக்குள் இறங்கிய பாட்டு. அவனுக்கு மட்டுமா? கூடத்து முப்பது பிள்ளைகளும் அந்த அட்டையைக் கண்ணை மூடிக்கொண்டு படிப்பார்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே நுணல் தின்றுகொழுத்துத் திரிந்தது, கெட்டது வேறொருத்தன்.

"குமாசிக்குப் போவக்கூடாது. நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்றார்.

"மாட்டேன்."

"இன்னொரு குத்து விழுந்தா இருக்கற கண்ணும் போயிரும்டா!"

"எந்தக் கண்ணும் போகல. உங்களுக்குத் தானா சரியாயிடுச்சே, எனக்கும் ஆவும். ஒரே ஒரு சண்டை அட்டா. ஜெயிச்சு, பட்டாளத்துல சேந்துட்டு, அவங்க டாக்டர்கிட்டயே காட்டிக்கறேன்." கொஞ்சம் நிறுத்தி, குரலை இறக்கிச் சொன்னான். "யார்கிட்டயாவது சொன்னீங்க, நான் அடுத்த தெரு சாக்கி அட்டா ஜிம்முக்குப் போயிருவேன். அவரு கதவத் தொறந்து வெச்சிக்கிட்டு ஒக்காந்திருக்காரு."

அயிக்வே சொல்லத்தான் செய்தார். மறுநாள் காலையிலேயே அடோலேயின் அடுப்பங்கரைக்குப் போனார். அவள் புகைக்கு நடுவே மீன் தட்டுகளை மாற்றி அடுக்கிக்கொண்டிருந்தாள். லாந்தே பக்கத்தில் உட்கார்ந்து புளித்த சோளமாவுக் கென்கே உருண்டையை மிளகாய்ச் சாந்தில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தான். அயிக்வே விஷயத்தைச் சொன்னதும் அடோலே கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"ஏன்யா, உனக்கு நாக்குல நரம்பே இல்லியா? ஊரடங்கின மாசத்துல வந்து எம்புள்ளையப் பொட்டைக்கண்ணுன்னு வாயால சொல்றியே!"

"நான் சொல்றது இருக்கட்டும் அடோலே. அவன் வலது கண்ண நீயே பொத்திட்டு, எத்தினி வெரல்னு கேளு. அது போதும்."

லாந்தே எழுந்துவிட்டான். "யாரும் என் மூஞ்சியத் தொட வேணாம்" என்று சொல்லிவிட்டுக் கையைக்கூடக் கழுவாமல் வெளியே போனான்.

"கேட்டியா? புள்ள சோத்துல கை வெச்சிருந்தவன எழுப்பிட்டே" என்றாள் அடோலே. "டாக்டரு எழுதிக் குடுத்திருக்காரு, முத்திர குத்தியிருக்கு. அவரு படிச்சவரு. நீ படிச்சது என்ன? குத்து வாங்கிக் கோணிப்போன மூக்கு! சாக்கி அப்பவே சொன்னாரு, புள்ள உசரப் போறப்ப அயிக்வேக்கு வயிறு எரியும்னு. நான் நம்பல."

"அந்த டாக்டரு முன்னாடி அவன் ஒப்பிச்சான் அடோலே. நம்ம பாட்ட ஒப்பிச்சான்."

அவள் அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். பிறகு சிரித்தே விட்டாள். "அட பாவி மனுஷா! அந்தக் கழுகுக் கண்ணு கதைய இப்ப எம்புள்ள தலையில கட்டறியா?"

குத்துச்சண்டைச் சங்கத்துச் செயலாளர் குவேயிடம் போனபோதும் இதே கூத்துதான். குவே அந்தக் காலத்தில் அயிக்வேயோடு ஒரே மேடையில் ஆடியவர். முழுவதையும் கேட்டுவிட்டு மேஜையைத் தட்டிச் சிரித்தார். "டேய் அயிக்வே, இருவது வருஷமா நீ சொல்றதையே ஆளை மாத்திச் சொல்றே! அச்சாபீஸ் பேரையும் சேத்துச் சொன்னானா இல்லியா?"

"குவே, உன் கால்ல விழறேன். இது கதை இல்ல."

"சீட்டு இருக்குப்பா. பேரை அடிக்கணும்னா இன்னொரு டாக்டரோட சீட்டு வேணும். அதுக்குப் பையன் தானா வரணும். கூட்டிட்டு வா, அடிச்சிடறேன்."

பையன் வரமாட்டான். அயிக்வே அன்றைக்குத் தெரு நடுவிலேயே நின்றுவிட்டார். இத்தனை வருஷம் சிரிக்கவைத்த வாய். இப்போது உண்மையைச் சொன்னாலும் ஊர் சிரித்தது. அழுதுகொண்டு சொல்லியிருந்தால் இன்னும் அதிகமாகச் சிரித்திருக்கும்.

அடுத்த மூன்று வாரமும் அவர் விடவில்லை. காலையில் லாந்தே ஓடும் வழியில் நின்று கெஞ்சினார், மறுநாள் மிரட்டினார், ஒருநாள் சட்டையைப் பிடித்து ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் இழுத்துப் போனார்; அவன் உதறிவிட்டு ஓடிவிட்டான். கூடத்தில் அவனுக்குச் சோடி கொடுக்க மறுத்தார். அவன் சாக்கியின் கூடத்துக்குப் போய் ஆடினான். அதுதான் அவரை உடைத்தது. சாக்கிக்குக் கண்ணைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரியாதவன் துணையாக மேடை மூலையில் நின்றால், பையன் செத்து விழுகிற வரைக்கும் "போடா, போடா" என்றுதான் சொல்வான்.

குமாசிக்குப் புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது அயிக்வே அவனைத் தேடிப் போனார். "உன் மூலைக்கு நான் வரேன்" என்றார்.

லாந்தே நம்பாமல் பார்த்தான். "நடுவருகிட்ட ஏதாவது சொல்லுவீங்க."

"வாயே தொறக்க மாட்டேன்."

"சத்தியமா?"

"எங்கப்பன் மேல சத்தியமா. தண்ணி குடுப்பேன், தொடச்சி விடுவேன். வாயே தொறக்க மாட்டேன்."

லாந்தேயின் முகம் சட்டென்று ஏழு வயதுக்குப் போனது. "நீங்க இல்லாம எனக்கு ஆடவே வராது அட்டா" என்றான். அயிக்வே தலையைக் குனிந்துகொண்டார்.

குமாசியில் ஊரடக்கம் கிடையாது. அரங்கில் எக்காளம், மேளம், கூச்சல். லாந்தேக்கு எதிரே நின்றவன் உள்ளூர்ப் பையன், நெட்டையன், வலக்கை நீளம். எதிராளியின் வலக்கை நமக்கு இடப்பக்கத்திலிருந்து வருவது. அயிக்வே தோளில் சிவப்புத் துணியைப் போட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்தார். மூலையிலிருப்பவன் துணியை எறிந்தால் தோல்வியை ஒப்புக்கொண்டு சண்டை முடிந்தது என்று கணக்கு. மணி அடித்த கணமே எறிந்துவிடவேண்டும் என்றுதான் பஸ் ஏறும்போதே முடிவு செய்திருந்தார்.

எறியவில்லை. அதைத்தான் பிற்பாடு அவரால் தனக்கே மன்னிக்க முடியவில்லை. மணி அடித்தது, லாந்தே நடு மேடைக்குப் போனான், அயிக்வேயின் கை துணி மேலேயே கிடந்தது. ஏனென்றால் பையன் அவ்வளவு அழகாக ஆடினான். முகத்தைத் திருப்பிக்கொண்டு, நெட்டையனைத் தன் வலப்பக்கமே வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தான். தொட்டான், விலகினான், மறுபடி தொட்டான். குமாசிக்காரர்களே எழுந்து நின்றார்கள். பத்து வருஷமாகச் சோளக்கட்டையும் கெட்ட வார்த்தையுமாகத் தான் செதுக்கியது இதுதானா என்று அயிக்வே வாய் பிளந்து பார்த்தார். அந்த மூன்று நிமிஷம் அவர் கண்ணை மறந்தார். வேடிக்கை பார்க்க வந்தவன் மாதிரி பார்த்தார்.

இடைவேளையில் லாந்தே பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "பாத்தீங்களா அட்டா?" அயிக்வே வாய் திறக்கவில்லை. முகத்தைத் துடைத்துவிட்டார்.

இரண்டாம் சுற்றில் நெட்டையனின் மூலையில் எவனோ விவரமானவன் இருந்திருக்கிறான். பையன் திசை மாறிச் சுற்றினான். லாந்தேயின் இடப்பக்கமாக வந்தான். முதல் வலக்கை வந்தது; லாந்தே கையைத் தூக்கவே இல்லை, தூக்கவேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை. கன்னப்பொட்டில் விழுந்த சத்தம் மேளத்தையும் மீறிக் கேட்டது. முழங்கால் மடங்கி நிமிர்ந்தான்.

அயிக்வே எழுந்தார். மூலையிலிருந்து நேரே எறிந்திருந்தால் துணி அவன் வலப்பக்கம், பார்வைக்கு எதிரேயே விழுந்திருக்கும். அவர் படியிலிருந்து இறங்கி, மேடையோரமாக ஓடி, மறுபக்கம் போய், கயிற்றுக்கு நடுவே உடம்பை நுழைத்து எறிந்தார். சிவப்புத் துணி லாந்தேயின் இடக்காலுக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது.

நெட்டையன் துணியைப் பார்த்தான், கையை இறக்கினான். அரங்கு பார்த்தது. லாந்தே மட்டும் பார்க்கவில்லை. கையை இறக்கி நின்றவனை ஓங்கி இரண்டு குத்து குத்தினான். கூட்டம் "ஊ" என்று கத்தியது. நடுவர் பாய்ந்து அவனைக் கட்டிப்பிடித்தார். "என்ன? என்னாச்சு? மணியே அடிக்கலியே!" என்று லாந்தே அவர் பிடிக்குள் திமிறினான். அவன் கால் துணியின் மேலேயே நின்றது. நடுவர் அதைப் பார்த்தார், அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு மேடையோரம் உட்கார்ந்திருந்த டாக்டரைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

டாக்டர் அட்டை எதுவும் கொண்டுவரவில்லை. லாந்தேயின் வலக்கண்ணைக் கையால் மூடிவிட்டு மூன்று விரலை நீட்டினார். அத்தனை சனத்துக்கு முன்னால் லாந்தே வாயைத் திறந்தான், உதடு அசைந்தது, ஒன்றும் வரவில்லை. பிறகு, "ரெண்டு" என்றான்.

பெரிய ஆஸ்பத்திரியில், இடக்கண் போனது போனதுதான், திரை இறங்கிய நாளே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார்கள். வலக்கண்ணின் ஓரத்திலும் புதிதாக ஒரு கிழிசல். லேசர் கதிரால் சுட்டு ஒட்டினார்கள். இனி தலையில் ஒரு தட்டு விழக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது. அந்தக் கிழிசல் எப்போது வந்தது என்று அயிக்வே கேட்டார். சொல்வது கஷ்டம், அண்மையில்தான் என்று டாக்டர் சொன்னார். முதல் சுற்றிலேயே எறிந்திருந்தால் என்கிற கேள்வி அன்றைக்கு அயிக்வேயின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது, இன்னும் இறங்கவில்லை. அடோலே வராந்தாவில் அவர் காலடியில் விழுந்து அழவும் இல்லை, திட்டவும் இல்லை. "நான் அன்னிக்கே வெரலக் காட்டியிருக்கணும்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அவர்கள் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் ஊரில் அடக்கம் எடுத்துவிட்டார்கள். அயிக்வே கூடத்துக்குத் திரும்பியபோது தெருவெங்கும் மேளம். பிள்ளைகள் அவருக்குக் காத்திராமல் வளையத்தின் சாக்கை அவிழ்த்திருந்தார்கள். கயிறுகளை எடுத்துக்கொண்டு வரிசையாக நின்று, பழக்கத்தில் தொடங்கிவிட்டார்கள். "ஈ! எஃப் பீ! டீ ஓ..."

"நிறுத்துங்கடா!"

கயிறுகள் நின்றன. வேறு பாட்டு அவர்களுக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. சும்மா தாண்டுங்கள் என்றார். கயிறு தரையில் அறையும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

அப்போதுதான் லாந்தே வாசலில் வந்து நின்றான். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. ஆணியில் தொங்கிய தன் பூட்ஸை எடுக்க வந்திருந்தான். தம்பிக்குக் கொடுக்கப்போகிறானாம். பிள்ளைகள் மறுபடி கயிற்றை நிறுத்தினார்கள். பூட்ஸைத் தோளில் போட்டுக்கொண்டு அயிக்வேக்கு முன்னால் வந்தான்.

"ஒண்ணு கேக்கணும் அட்டா. துணிய ஏன் சுத்தி வந்து எறிஞ்சீங்க?"

அயிக்வே கீழே கிடந்த கயிறு ஒன்றைச் சுற்றி வைத்தார்.

"உக்காந்த எடத்துலேர்ந்தே எறிஞ்சிருந்தா நான் பாத்திருப்பேன். நின்னிருப்பேன். சண்டை தோத்ததோட போயிருக்கும். யாருக்கும் தெரிஞ்சிருக்காது. அடுத்த வருஷம் வேற ஊர்ல ஆடியிருப்பேன்."

"ஆமா."

"தெரிஞ்சேதான் எறிஞ்சீங்க."

"ஆமாண்டா. தெரிஞ்சேதான்."

"வாய் தொறக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டு, அத்தினி பேர் முன்னாடி என்னக் குருடன்னு காட்டிட்டீங்க!"

பூட்ஸ் கீழே விழுந்தது. அவன் முஷ்டி மடங்குவதை அயிக்வே பார்த்தார். அவர் நின்றது அவனுக்கு இடப்பக்கம்; ஆத்திரத்தில் அவன் முகத்தைத் திருப்ப மறந்திருந்தான். விலக எவ்வளவோ நேரம் இருந்தது. அவர் கையைத் தூக்கவில்லை. வரட்டும், நல்லா விழட்டும் என்று மோவாயைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றார். இருபது வருஷமாக யாரையும் செய்யவிடாத காரியம் அது. அந்த வட்டாரத்திலேயே குறி தப்பாத கை முழு வேகத்தோடு வந்தது, அவர் காதுக்கு ஒரு சாண் தள்ளிக் காற்றை அடித்துவிட்டுப் போனது.

லாந்தே தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் குனிந்து பூட்ஸைத் தேடினான். இடப்பக்கம் உருண்டு போயிருந்த ஒன்று அவன் கைக்குக் கிடைக்கவில்லை. அயிக்வே மண்டியிட்டு அதை எடுத்து, அவன் வலது கையில் வைத்தார்.